எலும்பு தெரியும் நாயைத் தேற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள், மாரி மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில், கறுப்பு நாய் ஒன்று வந்து கிணற்றடியில் படுத்துக்கொண்டது. மழை விட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு போய் நெல் நிறுக்கும் தராசில் வைத்தோம். 9 கிலோ. அந்த உயரத்துக்கு 14 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். இன்று கறுப்பன் 14½ கிலோ, ஆனால் அதற்கு ஏழு மாதம் பிடித்தது. நடுவில் நான் செய்த பிழைகளும் கொஞ்சமல்ல. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அயலட்டைச் சனம் பிறகு தங்கள் நாய்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. வைத்தியரிடம் போயே ஆக வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அவற்றை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

என் நாய் உண்மையிலேயே மெலிவா, அல்லது அதன் வாகே அப்படியா?

கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். கையை மேசையில் விரித்து வைத்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு தட்டுப்படும், ஆனால் துருத்தாது. நாயின் விலாவைத் தடவும்போதும் அப்படி இருந்தால் அளவான உடம்பு. கையை முட்டியாகப் பொத்தி விரல் முழிகளைத் தடவினால் வருகிற உணர்வு விலாவில் வந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே தெரியாமல் இருந்தால் கொழுப்பு. மிருக வைத்தியர்கள் இதையே 1 முதல் 9 வரை புள்ளியாகப் போடுவார்கள்; 4, 5 நல்லது, 3க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும்.

எங்கள் ஊர் நாய்கள் இயல்பிலேயே ஒடிசல். கடைசி இரண்டு விலா எலும்பு நிழலாகத் தெரிவது அவற்றுக்குக் குறையில்லை. இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் தூரத்திலிருந்தே தெரிந்தாலோ, தொடைச் சதை வற்றிப் போயிருந்தாலோ அது வேறு கதை. சடை உள்ள நாய் என்றால் தடவாமல் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இரண்டு நேரமும் வயிறு முட்டச் சோறு தின்கிறது. பிறகும் ஏன் எலும்பு தெரிகிறது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்கிறவர் பொய் சொல்லவில்லை, நாய் தின்னத்தான் செய்கிறது. எங்கள் பக்கத்தில் சோறு கிடைக்காமல் மெலிந்த வீட்டு நாய் குறைவு. சோறு மட்டுமே கிடைத்து மெலிந்த நாய்தான் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். அரைக் கிலோ சோற்றில் ஏறக்குறைய 650 கலோரி இருக்கிறது. அது 12 கிலோ நாயின் வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் அந்த அரைக் கிலோவில் புரதம் 13 கிராம் அளவுதான். அந்த நாய்க்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 35 கிராமாவது வேண்டும். மேலே ஊற்றுகிற மீன் ஆணத்தில் மீன் எங்கே இருக்கிறது? மீனை நாங்கள் தின்றுவிட்டோம். நாய்க்குப் போவது புளியும் உப்பும் முள்ளும். சதையை உண்டாக்குவதற்கு உள்ளே ஒன்றும் போகாததால் உடம்பு இருக்கிற சதையைக் கரைத்து நாளை ஓட்டுகிறது.

இன்னொன்று, தின்பதை வேறு யாரோ பங்கு போடுகிறார்கள். உள்ளே பூச்சி, வெளியே உண்ணி. இந்த இரண்டையும் கவனிக்காமல் கோப்பையை மட்டும் பெரிதாக்கினால் காசுதான் போகும். இவை எல்லாம் சரியாக இருந்தும் மெலிந்துகொண்டே போனால் உள் நோய் இருக்கலாம். நிறையத் தின்று, நிறையத் தண்ணீர் குடித்து மெலிகிற நாய்க்குச் சலரோகம் இருக்கக்கூடும். நிறையத் தின்று, எண்ணெய்ப் பிசுக்குடன் வெளிறிய மலம் கும்பலாகப் போகிற நாய்க்குக் கணையம் வேலை செய்யாமல் இருக்கக்கூடும். இவற்றை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

உடம்பு எலும்பு, வயிறு மட்டும் பானை. அது ஏன்?

குட்டியென்றால் பத்துக்கு ஒன்பது முறை பூச்சி. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், அதனால் நேற்றுப் பிறந்ததுக்கு எப்படிப் பூச்சி என்று கேட்க வேண்டாம்.

வளர்ந்த நாய்க்கு வயிறு ஊதி, தட்டினால் தண்ணீர் ததும்புவது போலிருந்தால் அதைப் பூச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரலோ இருதயமோ கெட்டிருக்கலாம், இரத்தத்தில் புரதம் இறங்கியும் இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

பூச்சி மருந்து எப்போது, எத்தனை தடவை கொடுப்பது?

குட்டிக்கு இரண்டு கிழமை வயதில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாத்திரை நிறைக்குத்தான் கணக்கு. 10 கிலோவுக்கு ஒன்று என்று வருபவை பல, ஆனால் எல்லாம் அப்படியில்லை. பெட்டியில் உள்ளதைப் பாருங்கள். நிறுக்காமல் கொடுக்க வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்தால் நிறை வந்துவிடும்.

ஒருமுறை கொடுத்ததோடு விடக் கூடாது. மருந்து குடலில் இருக்கிற புழுவைக் கொல்லும், உடம்புக்குள் ஊர்ந்து திரியும் இளம் புழுவை அவ்வளவாகத் தொடாது. இரண்டு மூன்று கிழமையில் அவை குடலுக்கு வந்து சேர்ந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும். மலத்தில் அரிசி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப் புழு. அது தெள்ளு மூலம் வருவது, ஆகவே தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது கொக்கிப் புழு. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதில் ஒரு வகைக்கு அறிவியல் பெயரிலேயே எங்கள் நாடு இருக்கிறது: ‘அன்சிலோஸ்டோமா சைலானிக்கம்’, அதாவது சிலோன். பெருமைப்பட ஒன்றுமில்லை, அது மனிதர் குடலிலும் குடியிருக்கும். கொக்கிப் புழுக்களின் இளம் புழுவுக்கு ஈர மணல் மிகப் பிடிக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் எழுவான்கரை முழுக்க மணல்தானே. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் தோலுக்குள் புகுந்து நெளிந்து நெளிந்து போகும் சிவப்புக் கோடு நாய்க் கொக்கிப் புழுவின் வேலை. நாயின் மலத்தை அன்றன்றே அள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

பாகற்காய்ச் சாறு, பப்பாசி விதை, வேப்பிலை பற்றியும் கேட்கிறார்கள். அவற்றால் குடலைச் சுத்தமாக்க முடியும் என்று நம்பிக் காத்திருந்த குட்டிகள் இரண்டை நான் பார்த்தேன். வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எழும்பி நிற்கவே முடியாத நாய்க்கு நீங்களாகப் பூச்சி மருந்து கொடுக்காதீர்கள். முதலில் அது கொஞ்சம் தெம்பாகட்டும், அதன் பிறகு வைத்தியர் சொன்னபடி செய்யுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்த நாய் வந்திருக்கிறது. முதலில் என்ன கொடுக்க?

இங்கேதான் நான் பெரிய பிழை செய்தேன். கறுப்பன் வந்த அன்று இரவு, இரக்கம் தாங்காமல், ஒரு சருவச்சட்டி நிறையச் சோறும் மீன் ஆணமும் வைத்தேன். மூன்று நிமிடத்தில் வழித்துத் துடைத்தான். அம்மா பார்த்துவிட்டு, ‘பாவம், இன்னும் கொஞ்சம் வை மனே’ என்றா. வைத்தேன். விடியும்வரை சத்தியும் வயிற்றோட்டமும். காலையில் தலையைத் தூக்க அவனால் முடியவில்லை. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது வைத்தியர் சொன்ன முதல் வசனம்: “பட்டினி கொல்லாததை உங்கள் சோறு கொல்லப் பார்த்திருக்கிறது.”

இதன் விளக்கம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாள்கணக்கில் தீன் இல்லாத உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்து வாழப் பழகிவிடும். அந்த நேரத்தில் திடீரென்று நிறைய மாச்சத்து போனால் இன்சுலின் பொங்கும். அது இரத்தத்தில் மிஞ்சியிருக்கிற பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொண்டு போகும். இரத்தத்தில் அவை வற்றினால் இருதயம் தடுமாறும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களில் பலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனார்கள். அதே விடயம்தான்.

ஆகவே நான்கு ஐந்து நாளுக்கு மேல் தின்னாத நாய் என்று தெரிந்தால், அல்லது எலும்பும் தோலுமாக இருந்தால், முதல் வேலை வைத்தியர். அன்றைக்கே போக வழியில்லை என்றால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். தீன், படுத்திருக்கும் நாய்க்கு வேண்டிய கலோரியில் காற்பங்கு மட்டும். 9 கிலோ நாய்க்கு அது 90 கலோரி அளவு: நன்றாக அவித்த முட்டை ஒன்று, உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சி ஒரு மேசைக்கரண்டி. ஒரு முழு நாளைக்கு அவ்வளவுதான், அதுவும் ஐந்து ஆறு வேளையாகப் பிரித்து. சோறு கூடாது, பால் கூடாது, சீனித் தண்ணீர் கூடாது. சத்தி, வயிற்றோட்டம் இல்லையென்றால் இரண்டாம் நாள் அரைப்பங்கு, மூன்றாம் நாள் முக்காற்பங்கு, நான்காம் ஐந்தாம் நாளில் முழுப்பங்கு. நாய் கெஞ்சும். கோப்பையை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டு வரும். கல்லாக இருங்கள்.

அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி ஒரு நாளைக்கு எவ்வளவு?

சுருக்கமான கணக்கு ஒன்று: நாயின் நிறையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினால் சும்மா படுத்திருக்கவே வேண்டிய கலோரி வரும். 12 கிலோ நாய்க்கு 430. நடந்து திரிகிற, தேற வேண்டிய நாய்க்கு அதைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ஆக, 650 முதல் 850 வரை.

அதைச் சட்டியில் போட்டால் எப்படியிருக்கும்? கறுப்பன் 12 கிலோவாக இருந்தபோது நான் வைத்த ஒரு நாள் தீன் இது. சமைத்த சோறு 250 கிராம். முள் நீக்கிய மீனோ எலும்பு நீக்கிய கோழியோ அவித்தது 200 கிராம். அவித்த முட்டை ஒன்று. மசித்த பூசணி ஒரு பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. எல்லாம் சேர்ந்து 760, 780 கலோரி வரும், புரதம் 50 கிராமைத் தாண்டும். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் இல்லை. மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டால் தப்பில்லை, ஆனால் அது மருந்து என்று நினைத்து அள்ளிப் போட வேண்டாம்.

இதில் கல்சியம் குறைவு. முட்டைக் கோதைக் கழுவி, வறுத்து, அம்மியிலோ கிரைண்டரிலோ மாவாக அரைத்து அரைத் தேக்கரண்டி சேர்த்தால் சரிவரும். பரபரவென்று இல்லாமல் மா மாதிரி இருக்க வேண்டும்.

ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாக வையுங்கள். சுருங்கிப்போன குடல் கொஞ்சம் கொஞ்சமாக வருவதைத்தான் தாங்கும். காலை ஆறு, பத்து, பின்னேரம் நான்கு, இரவு எட்டு என்பது எங்கள் வீட்டு நேரம். நடுப்பகல் வெயிலில் எந்த நாயும் ருசித்துத் தின்னாது.

எந்த மீன் நல்லது? முள், கருவாடு, மீன் டின் எல்லாம் கொடுக்கலாமா?

சூடையைப் போல மலிவும் சத்துமான மீன் வேறில்லை. காலையில் கரைவலை இழுத்த கையோடு கிடைத்தால் இன்னும் நல்லது. தலையும் குடலும் நீக்கி, குக்கரில் முள் விரல் நுனியில் நசியும்வரை அவித்தால் முள்ளோடே கொடுக்கலாம், கல்சியத்துக்கும் வழியாகும். நெத்தலியும் அப்படித்தான். பெரிய மீனென்றால் முள்ளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வாவி மீனில் திலாப்பியா பரவாயில்லை, முள்தான் சனி.

பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் தயமின் என்ற வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு, அவித்தால் அது போய்விடும். புழுக்களும் சாகும். கருவாடு கூடவே கூடாது, அது உப்புக் கட்டி. மீன் டின் அவசரத்துக்கு ஆகும். டின்னில் உள்ள தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு மீனை நன்றாக அலசி எடுங்கள்.

கோழிக்கடையில் தலை, கால், தோல் சும்மா தருகிறார்கள். அவை போதாதா?

சும்மா வருவதை விட வேண்டாம், ஆனால் பார்த்து எடுங்கள். ஈரலும் இருதயமும் கற்பொதியும் அருமையான சாமான். ஈரலை மட்டும் அளவோடு, கிழமைக்கு இரண்டு முறை, ஒரு சின்னத் துண்டு. அதில் வைட்டமின் ஏ அதிகம். தினமும் கொடுத்தால் எலும்பைப் பாதிக்கும். மாட்டு இறைச்சிக் கடையில் இரைப்பையும் நுரையீரலும் மலிவாகக் கிடைத்தால் கழுவி அவித்துக் கொடுக்கலாம்.

தோலும் மஞ்சள் கொழுப்பும் மெலிந்த நாய்க்கு ஆகாது, காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. அவித்த, பொரித்த எலும்பு கூடவே கூடாது. வெந்த எலும்பு ஊசியாக உடையும். ‘எங்கட நாய் பத்து வருசமாத் தின்னுது’ என்பார்கள். தின்று செத்த நாய் வந்து சாட்சி சொல்லாது.

எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் ஊற்றினால் சீக்கிரம் கொழுக்காதா?

கொழுக்கும், குடல் தாங்கினால். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி உண்டு, அதனால் ஆசை வருவது நியாயம். ஆனால் பழக்கமில்லாத குடலுக்குள் ஒரு கோப்பைத் தேங்காய்ப்பால் போனால் மறுநாள் வளவெல்லாம் தண்ணீராகப் போகும், உள்ளே போனதைவிட வெளியே வருவது கூடிவிடும். இன்னும் மோசமாக, கணையம் வீங்கலாம். முதுகை வளைத்து, முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கியபடி நாய் நின்றால் வயிற்று நோவு என்று அறிந்துகொள்ளுங்கள்.

அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். ஒரு கிழமை பாருங்கள். மலம் கெட்டியாக இருந்தால் ஒன்றாக்குங்கள். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ, எது வீட்டில் இருக்கிறதோ அது போதும்.

பாலும் தயிரும்?

வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சீனி செரிக்காது, வயிற்றோட்டம் வரும். தயிரில் அந்தச் சீனி புளித்துக் குறைந்துவிடுவதால் சுகமாகத் தாங்கும். எங்கள் மட்டக்களப்புச் சட்டித் தயிர் எருமைப் பால். பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு. மெலிந்த நாய்க்கு அது நல்லதுதான், ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி. பாணியை ஊற்றாமல். அது உங்களுக்கு.

எங்கள் கறியையே சோற்றோடு பிசைந்து கொடுத்தால் என்ன?

உறைப்பு இரண்டாவது பிரச்சினை. முதலாவது வெங்காயம். வெங்காயமும் வெள்ளைப்பூடும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரு கிலோ நிறைக்கு 15 கிராம் அளவிலேயே கெடுதி தொடங்கலாம், அதாவது 10 கிலோ நாய்க்கு 150 கிராம். ஒருநாள் ஆணத்தில் அவ்வளவு போகாது என்பது சரி. ஆனால் பூச்சியாலும் உண்ணியாலும் ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய்க்குத் தினம் தினம் கொஞ்சம் போவது நல்லதல்ல. நீங்கள் சமைக்கும்போது தாளிதம் போடுவதற்கு முன்னமே நாயின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள், தனிச் சமையல் தேவைப்படாது.

முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சொக்கலேட், சீனியில்லாத சுவிங்கம் இவையும் நஞ்சு. பனடோல், இபுபுறொபன் போன்ற எங்கள் நோவு மாத்திரைகளை ஒருநாளும் கொடுக்காதீர்கள்.

திரிபோஷா, சத்துமா, இரும்புச்சத்து மாத்திரை?

திரிபோஷா என்ற சத்துணவு மா கிளினிக்கில் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுப்பது. அது அவர்களுக்கே போகட்டும். சத்துமா சோற்றைப் போலத்தான், கொஞ்சம் கூடப் புரதம். மனிதருக்கான இரும்பு மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம், வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள்.

பைக்கற் தீன் வாங்கிக் கொடுக்கலாமா?

வசதி இருந்தால் தாராளமாக. குட்டிகளுக்கான தீனில் கலோரியும் புரதமும் அதிகம். மெலிந்த வளர்ந்த நாய்க்கும் அதையே சில மாதம் கொடுக்கலாம். ஒரே நாளில் மாற்றாமல் ஏழு முதல் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். காசு இறுக்கமென்றால் அரைவாசி பைக்கற், அரைவாசி வீட்டுத் தீன். நாங்கள் மூன்று மாதம் அப்படித்தான் ஓட்டினோம்.

தீன், பூச்சி மருந்து எல்லாம் சரி. பிறகும் சோர்ந்து கிடக்கிறது. ஏன்?

வாயைத் திறந்து பல் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெள்ளைக் கடதாசி போலிருந்தால் இரத்தம் இல்லை. கூடவே காய்ச்சல், சிறுநீர் தேத்தண்ணி நிறம், சோம்பல் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இலங்கையில் பபீசியா, எர்லிக்கியா இரண்டும் பரவலாக உண்டு. இரண்டுமே உண்ணி கடித்து வருபவை. இரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும், இரண்டுக்கும் மருந்து வேறு. பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய மாத்திரையை வாங்கி வந்து உங்கள் நாய்க்குக் கொடுப்பது சூதாட்டம். மெலிந்த நாயை எவ்வளவு ஊட்டினாலும் இந்தக் காய்ச்சல் உள்ளே இருக்கும்வரை நிறை ஏறாது.

வயலுக்குள் திரியும் நாயென்றால் எலிக்காய்ச்சலையும் மறக்க வேண்டாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வெள்ளம் வடிந்த பிறகு அது மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். கண்ணும் முரசும் மஞ்சளாகத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். அதன் சிறுநீரை வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

சரி, உண்ணியை எப்படி ஒழிப்பது? நாயின் மேல் நீங்கள் காண்பது கொஞ்சம்தான். மீதி சுவர் வெடிப்பிலும் கிடுகு வேலியிலும் ஒளிந்திருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கென்று உள்ள மருந்தை நிறை பார்த்து வாங்குங்கள், படுக்கும் சாக்கை வெந்நீரில் போடுங்கள், வெடிப்புகளைப் பூசுங்கள். என்னிடம் ஒரு கடையில் மாட்டு உண்ணி மருந்தைத் தந்து ‘பாதியாகக் கலக்கிப் பூசுங்க, ஒண்டும் செய்யாது’ என்றார்கள். பூசி அரை மணித்தியாலத்தில் கறுப்பனுக்கு எச்சில் வடிந்து உடம்பு நடுங்கியது. குளிப்பாட்டி, மறுபடி ஓட்டோ. மண்ணெண்ணெய், எரிந்த எஞ்சின் ஒயில் பூசுவதும் இதே ரகம். நாய் அதை நக்கி உள்ளே எடுக்கும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். சொறிக்கும் அதைப் பூசாதீர்கள். சொறியில் வகை உண்டு, வகைக்கு மருந்து உண்டு.

கோப்பை வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. என்ன செய்ய?

முதலில் பல்லைப் பாருங்கள். முதிய நாய்க்குப் பல் ஆடினால் பசித்தாலும் தின்னாது. பிறகு யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய நாய் முறைத்துக்கொண்டு நின்றால் சின்னது கிட்ட வராது, தனியே கதவைச் சாத்திக் கொடுங்கள். காகத்துக்கும் கோழிக்கும் போகிற பங்கையும் கணக்கில் எடுங்கள். தீனைக் கையளவு சூட்டில், மீன் அவித்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் வாசத்துக்கு வரும். இருபது நிமிடத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். எங்கள் வெக்கையில் மீன் நேரம் போகாமலே பழுதாகும். எறும்பு தொல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தட்டத்தின் நடுவில் கோப்பையை வையுங்கள்.

வளர்ந்த நாய் ஒரு முழு நாளுக்கு மேல் எதையும் தொடாவிட்டால் வைத்தியர். குட்டிக்கு அவ்வளவு நேரம் பொறுக்க முடியாது, அரை நாளிலேயே காட்டுங்கள்.

குட்டி போட்ட தாய் நாய் உருகிப் போகிறது. அதற்கும் இதே அளவா?

போதாது. பால் கொடுக்கும் மூன்றாம் நான்காம் கிழமையில் வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வேண்டும், குட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து. அளவு பார்க்காமல் வையுங்கள், தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். திடீரென்று நடுங்கி, கால் விறைத்து, மூச்சு வாங்கினால் கல்சியம் இறங்கிவிட்டது. அது மணிக்கணக்கில் உயிரை எடுக்கும், இரவென்றும் பாராமல் ஓடுங்கள். நான்காம் கிழமையிலிருந்து குட்டிகளுக்குக் கூழாக ஊட்டத் தொடங்கினால் தாய் மூச்சுவிடும்.

தெருவில் நிற்கிற நாய்க்கு வைக்கிறேன். கடித்தால்?

பசித்த நாயின் கோப்பையில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், அது நீங்கள் நினைப்பதைவிட நீண்ட நேரம். பிறகு உடனே அரசாங்க வைத்தியசாலை. விசர் வந்த பிறகு மருந்து இல்லை. நாய் கொஞ்சம் தேறியதும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள், பிறகு வருடம் ஒருமுறை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் ஊருக்குள் இலவசமாகப் போட வருவார்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எப்போது என்று கேட்டு வையுங்கள்.

வைத்தியருக்கு எங்கே போவது? செலவு தாங்குமா?

பிரதேசத்து அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் தொடங்குங்கள். அங்கே மாடும் ஆடும்தான் அதிகம், வெளிக்கள வேலைக்கும் போய்விடுவார்கள், ஆகவே காலையிலேயே போங்கள். மலத்தில் கொஞ்சம் சின்னப் போத்தலில் போட்டு எடுத்துப் போனால் பரிசோதிக்க உதவும். என்ன தின்றது, எத்தனை தடவை போனது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனால் எல்லாம் மறந்துவிடும்.

எத்தனை நாளில் தேறும்? எப்போது நிறுத்துவது?

கிழமைக்கு உடம்பு நிறையில் 1 முதல் 2 சதவீதம் ஏறினால் போதும். 10 கிலோ நாய்க்கு 100 முதல் 200 கிராம். முதல் கிழமையில் தண்ணீர் ஏறுவதால் கொஞ்சம் கூடத் தெரியலாம், அதைக் கண்டு மயங்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒரே தராசில், காலையில் தீனுக்கு முன் நிறுங்கள். மூன்று கிழமையாக அசையவில்லையென்றால் தீனில் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் தீனில் இல்லை பிரச்சினை, மேலே போய் உண்ணிக் காய்ச்சல் பகுதியை மறுபடி படியுங்கள்.

நடக்க முடிந்ததும் நடத்துங்கள். படுத்தே தின்றால் ஏறுவது கொழுப்பு. பின்னேரம் கடற்கரை மணலில் கால் மணித்தியாலம் நடந்தால் தொடையில் சதை பிடிக்கும். விலாவைத் தடவும்போது புறங்கை உணர்வு வந்துவிட்டதென்றால் எண்ணெயை முதலில் நிறுத்துங்கள், பிறகு நான்கு வேளையை இரண்டாக்குங்கள். நாய் ஒத்துக்கொள்ளாது. கறுப்பன் இன்றைக்கும் பத்து மணிக்குக் குசினி வாசலில் வந்து, எங்கே என் பங்கு என்று கோப்பையைக் காலால் தட்டுகிறான். அம்மா என் கண்ணில் படாமல் அரை முட்டை போடுவது எனக்குத் தெரியும். அதனால்தான் அவன் 14 இல்லாமல் 14½.